போர்ப் பொய்களும் கேள்வி கேட்காத ஊடகங்களும்

1799ஆம் ஆண்டு மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அன்று பிற்பகல் நடந்த சண்டையில் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அவரைச் சுட்ட சிப்பாயின் பெயர் அன்றும் எவருக்கும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. இந்த எளிய உண்மையை 223 ஆண்டுகளுக்குப் பின் மைசூருவின் ஒரு நாடக மேடையும், கர்நாடகத்தின் அன்றைய ஆளுங்கட்சியும், தொலைக்காட்சி விவாத அரங்குகளும் சேர்ந்து மாற்றியெழுத முயன்றன. திப்புவைக் கொன்றவர்கள் ஆங்கிலேயர் அல்லர், உரி கௌடா, நஞ்சே கௌடா என்னும் இரு ஒக்கலிக வீரர்களே என்று ஒரு கதை பரப்பப்பட்டது. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

இந்தக் கதை தோற்றுப்போனது. தோற்ற கதையை இப்போது எதற்காக நினைவுகூர வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். போர் குறித்த பொய் எவ்வாறு உருவாகிறது, எவரால் வளர்க்கப்படுகிறது, எந்த இடத்தில் அதைத் தடுத்து நிறுத்த முடியும் என்பவற்றை மைசூரு நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. 2025 மே மாதத்தில் நாடு முழுவதும் நாம் கண்ட ஊடக வெறியாட்டத்தைப் புரிந்துகொள்ளவும் அது உதவும்.

ரங்காயணாவிலிருந்து மாண்டியா நெடுஞ்சாலை வரை

மைசூருவின் ரங்காயணா 1989ஆம் ஆண்டு பி.வி.காரந்த் தலைமையில் தொடங்கப்பட்ட அரசு நாடக நிறுவனம். கன்னட நவீன நாடகத்தின் பெருமைக்குரிய அடையாளங்களுள் ஒன்று. பாஜக ஆட்சியில் அதன் இயக்குநராக நியமிக்கப்பட்ட அட்டண்ட காரியப்பா, திப்புவின் ‘உண்மைக் கனவுகள்’ என்று பொருள்படும் தலைப்பில் தாமே ஒரு நாடகம் எழுதி, 2022 நவம்பரில் அங்கு மேடையேற்றினார். உரி கௌடா, நஞ்சே கௌடா கதைக்கு அதுவரை இல்லாத மதிப்பை இந்த மேடை கொடுத்தது. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் ஓர் அரசு நிறுவனத்தின் முத்திரை அதன் மீது விழுந்தது.

அடுத்த கட்டத்தில் கதை மேடையைவிட்டு இறங்கி அரசியல் கூட்டங்களுக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் அன்றைய உயர்கல்வி அமைச்சர் அஸ்வத் நாராயண் மாண்டியா மாவட்டக் கூட்டமொன்றில் பேசும்போது, உரி கௌடாவும் நஞ்சே கௌடாவும் திப்புவை முடித்ததைப் போல சித்தராமையாவையும் முடிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும் வருத்தம் தெரிவித்தார். ஆனால் கதையின் நோக்கம் அதற்குள் வெளிப்பட்டுவிட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய கொலையாளிகளைக் கற்பனையில் படைப்பது, இன்றைய எதிரியைச் சுட்டிக்காட்டுவதற்கே.

மார்ச் 12 அன்று பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையைத் திறந்துவைக்கப் பிரதமர் மாண்டியாவுக்கு வந்தார். அவரை வரவேற்க இவ்விருவர் பெயரிலும் ஒரு வளைவு எழுப்பப்பட்டது. கண்டனம் எழுந்ததும் பெயர் அகற்றப்பட்டது. அதே மாதத்தில் அமைச்சரும் திரைப்படத் தயாரிப்பாளருமான முனிரத்னா இவர்களைப் பற்றித் திரைப்படம் எடுக்கப்போவதாக அறிவித்தார். ஒக்கலிகர்களின் ஆதிசுஞ்சனகிரி மடத்தின் தலைவர் நிர்மலானந்தநாத சுவாமி அவரை அழைத்துப் பேசினார். வரலாற்று ஆதாரம் இல்லாத ஒன்றைக் கொண்டு சமூகத்தில் குழப்பம் விளைவிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார். படம் கைவிடப்பட்டது. மே 13 அன்று தேர்தல் முடிவுகள் வந்தபோது மாண்டியா மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் ஒன்றில்கூட பாஜக வெற்றிபெறவில்லை. இந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. எனினும், எந்தச் சமூகத்தைக் கவர்வதற்காகக் கதை புனையப்பட்டதோ, அந்தச் சமூகமே அதை விலைக்கு வாங்க மறுத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இடைப்பட்ட மாதங்களில் தொலைக்காட்சிகள் செய்தது என்ன? ‘திப்புவைக் கொன்றது யார்?’ என்று விவாதம் நடத்தின. ஒருபுறம் வரலாற்றாய்வாளர், மறுபுறம் கட்சிப் பேச்சாளர். இருவருக்கும் சம நேரம். ஆதாரம் உள்ள கூற்றும் ஆதாரமற்ற கூற்றும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. நடுநிலை என்ற பெயரில் நடந்த இந்த ஏற்பாடே பொய்க்குக் கிடைத்த பாதி வெற்றி.

ஆவணங்கள் கூறுவது

கம்பெனியின் அதிகாரிகள் இந்தப் போரைப் பற்றி மிக விரிவாக எழுதிவைத்துள்ளனர். தளபதி ஹாரிஸ் படைக்குத் தலைமை வகித்தார். கோட்டையின் உடைப்பு வழியே நுழைந்த தாக்குதலை டேவிட் பெயர்ட் நடத்தினார். அன்றிரவு பிணக்குவியல்களுக்கிடையே விளக்கொளியில் தேடித் திப்புவின் உடலைக் கண்டெடுத்தார்கள். காயமுற்று உயிர்பிழைத்த அவருடைய பணியாள் ராஜா கான் கூறியதையும் பதிவு செய்தார்கள். குண்டடிபட்டு வீழ்ந்துகிடந்த திப்புவின் வாளிடைக் கச்சையைப் பறிக்க ஒரு சிப்பாய் முயன்றான். திப்பு வாளை வீசினார். அச்சிப்பாய் சுட்டதில் அவர் இறந்தார் என்பதே அந்தச் சாட்சியம். கொன்றவனுக்குத் தான் யாரைக் கொன்றோம் என்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது ஒரு கேள்வியை எழுப்பிப் பார்ப்போம். மைசூரு மண்ணைச் சேர்ந்த இருவர் உண்மையிலேயே திப்புவைக் கொன்றிருந்தால், ஆங்கிலேயர் அதை மறைத்திருப்பார்களா? திப்புவின் சொந்த மக்களே அவரை வெறுத்தார்கள், நாங்கள் விடுவிக்க வந்தவர்கள் என்று உலகுக்குக் காட்டத் துடித்தவர்கள் அவர்கள். ஐந்தே வயதான உடையார் வம்சச் சிறுவனை 1799 ஜூன் 30 அன்று அரியணையில் அமர்த்தியது அந்த நோக்கத்தோடுதான். இத்தகைய இருவர் இருந்திருந்தால் அவர்களை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டிருப்பார்கள். மீட்கப்பட்ட உடையார் அரசும் இனாம் நிலங்களை அள்ளி வழங்கியிருக்கும். அதற்கான பதிவேடும் எஞ்சியிருக்கும். திப்புவிடம் அமைச்சராக இருந்த பூர்ணையாவே புதிய அரசின் திவானாகவும் தொடர்ந்தார். அவருக்குத் தெரியாமல் இவ்வளவு பெரிய செய்தி மறைந்திருக்க முடியாது. கொள்ளைப் பொருளைப் படிநிலைவாரியாகப் பங்கிட்டுக் கணக்கெழுதிய ஒரு படை, கொள்ளையிலும் பெரிய இந்த வெற்றியை மட்டும் குறிக்க மறந்தது என்று நம்பச் சொல்கிறார்கள்.

ஆங்கிலேயரின் பதிவுகளையும் அப்படியே விழுங்கிவிட வேண்டியதில்லை. ராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் இளம் ஓவியர், ஸ்ரீரங்கப்பட்டணம் கைப்பற்றப்பட்ட காட்சியை மாபெரும் ஓவியமாகத் தீட்டி 1800ஆம் ஆண்டு லண்டனில் காட்சிக்கு வைத்தார். அவர் இந்தியாவை மிதித்தவரே அல்லர். மக்கள் கட்டணம் செலுத்தித் திரண்டுவந்து பார்த்தனர். திப்புவைக் கொடிய மிருகமாகவும் கம்பெனியை நாகரிகத்தின் தூதராகவும் சித்திரித்த ஒரு பெரும் பரப்புரையின் பகுதி அது. மைசூரைக் கொள்ளையடித்தவர்களுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. ஏகாதிபத்தியம் தன் ஒவ்வொரு படையெடுப்புக்கும் முன்னும் பின்னும் இப்படி ஒரு கதையைத் தயாரிக்கிறது. 2003இல் இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்ட கதையும் அதே பட்டறையில் வார்க்கப்பட்டதுதான். அமெரிக்காவின் முன்னணி ஏடுகள் அதை முதல் பக்கத்தில் வெளியிட்டன. நியூயார்க் டைம்ஸ் தனது செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லாமல் போனதை ஒப்புக்கொண்டது 2004 மே மாதத்தில். அதற்குள் பாக்தாத் வீழ்ந்து ஓராண்டு கடந்துவிட்டது.

பதக்கத்துக்காகத் தயாரிக்கப்படும் வீரம்

போர்ப் பொய்கள் தலைநகரங்களில் மட்டும் பிறப்பதில்லை. களத்திலும் பிறக்கின்றன. கொன்றவர்களின் எண்ணிக்கையே வீரத்தின் அளவுகோலாகவும், அதற்குப் பதக்கமும் பதவி உயர்வும் பரிசாகவும் இருக்கும்போது, எண்ணிக்கையைத் தயாரிக்கும் வழிகளும் கண்டுபிடிக்கப்படுகின்றன.

2003இல் சியாச்சின் பனிமலையில் எதிரி வீரர்களைக் கொன்றதாக நடித்துக் காட்டி, அதைப் படம்பிடித்துச் சான்றாக அனுப்பிய நிகழ்வு வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டில் அசாமின் கச்சார் பகுதியில் உயிருள்ளவர்களைத் தரையில் படுக்கவைத்து, அவர்கள்மீது தக்காளிச் சாற்றை ஊற்றி, கொல்லப்பட்ட தீவிரவாதிகள் என்று புகைப்படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் தொடர்புடைய அதிகாரிகள் ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு உள்ளாயினர். நாடே கொண்டாடிய கார்கில் போரும் இதற்கு விலக்கல்ல. பட்டாலிக் பகுதிப் போர் அறிக்கைகளில் பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் பங்கைக் குறைத்துக் காட்டும் வகையில் லெப்டினன்ட் ஜெனரல் கிஷன் பால் செயல்பட்டார் என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2010 மே மாதத்தில் கண்டறிந்தது. அதிகாரபூர்வ வரலாற்றைத் திருத்துமாறும் கூறியது. பதினோரு ஆண்டுகள் நாடு படித்த போர் வரலாற்றின் ஒரு பகுதி சரியானதல்ல என்று ராணுவத்துக்கான தீர்ப்பாயமே கூற வேண்டியிருந்தது.

தக்காளிச் சாறு ஊற்றப்பட்டவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. 2000 மார்ச் 25 அன்று காஷ்மீரின் பத்ரிபல்லில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். சிட்டிசிங்போராவில் சீக்கியர்களைப் படுகொலை செய்த பயங்கரவாதிகள் இவர்களே என்று அறிவிக்கப்பட்டது. ஊடகங்களும் அவ்வாறே எழுதின. அவர்கள் அப்பாவிக் கிராமத்தவர்கள் என்பது பின்னர் மரபணுச் சோதனையில் உறுதியானது. இது பச்சைப் படுகொலை என்று சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் கூறியது. வழக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்ட ராணுவம் 2014 ஜனவரியில் ஆதாரம் போதாது என்று அதை மூடியது.

2020 ஜூலை 18 அன்று சோபியான் மாவட்டத்தின் அம்ஷிபோராவில் மூன்று பயங்கரவாதிகள் சுட்டுக்கொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. அவர்கள் வேலை தேடி ரஜௌரியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். பிள்ளைகளைக் காணாமல் தவித்த குடும்பங்கள் புகைப்படங்களைக் கண்டு அடையாளம் சொன்ன பிறகே உண்மை வெளிப்பட்டது. வெகுமதித் தொகையை மனத்தில் வைத்து இது நடத்தப்பட்டது என்று காவல்துறையின் குற்றப்பத்திரிகை கூறியது. அப்படியொரு வெகுமதித் திட்டமே கிடையாது என்று ராணுவம் மறுத்தது. பொறுப்பான கேப்டனுக்கு ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை பரிந்துரைத்தது. 2023 நவம்பரில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது. ஜூலை 19 அன்று ‘மூன்று பயங்கரவாதிகள்’ என்று அச்சிட்ட ஏடுகளுள், இறந்தவர்களின் பெயரைக்கூடக் கேட்காமல் அச்சிட்டவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே இரவில் வீழ்த்தப்பட்ட கராச்சி

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டனர். மே 7 அன்று ராணுவ நடவடிக்கை தொடங்கியது. மே 8 இரவு முழுவதும் பல தேசியத் தொலைக்காட்சிகள், இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தை அழித்துவிட்டதாக முழங்கின. பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைது என்றும் செய்தி ஓடியது. பொழுது விடிந்தபோது கராச்சித் துறைமுகம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. நமது முப்படை அதிகாரிகள் நடத்திய செய்தியாளர் சந்திப்புகளில் இப்படி ஒரு தகவலும் கூறப்படவில்லை. படைகள் சொல்லாத வெற்றியை ஒலிபெருக்கிகள் சொல்லிவிட்டன.

இதை வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. மே 7 அன்று பாகிஸ்தான் பீரங்கித் தாக்குதலில் பூஞ்ச் நகரில் பொதுமக்கள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஒருவர் மதரஸா ஆசிரியர். நம் நாட்டுக் குடிமகன். எதிரி நாட்டுக் குண்டுக்கு இரையானவர். அவருடைய தாடியும் தொப்பியும் உள்ள படத்தைக் காட்டி, கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று சில தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. பூஞ்ச் காவல்துறை மறுப்பு வெளியிட நேர்ந்தது. ஜூன் மாத இறுதியில் பூஞ்ச் நீதிமன்றம் தொலைக்காட்சி நிறுவனங்கள்மீது வழக்குப் பதிவு செய்ய உத்தரவிட்டது. பாகிஸ்தானின் குண்டு அவரை ஒருமுறை கொன்றது. நமது தொலைக்காட்சிகள் அவரை மறுமுறை கொன்றன. அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இந்தப் பழியைச் சுமந்துகொண்டு உட்கார வேண்டும் என்பது எந்த ஆசிரியர் குழுவின் நினைவுக்கும் வரவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய அனுபவம் அல்ல. 2009இல் வன்னியில் போர் நடந்தபோது, பொதுமக்களுக்கு இழப்பே இல்லாத மனிதாபிமான நடவடிக்கை என்று இலங்கை அரசு சொல்லிவந்தது. சுதந்திரமான செய்தியாளர்கள் களத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. இறந்த பொதுமக்கள் எண்ணிக்கை 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. அரசின் அறிக்கையை மட்டும் செய்தியாக்கிய ஊடகங்களும் அந்த மௌனத்துக்குப் பொறுப்பாளிகள். மைசூருவிலும் பெங்களூருவிலும் வாழும் தமிழ் உழைப்பாளிகளுக்கு இன்னொரு பாடமும் தெரியும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சனையின்போது வதந்திகள் தெருவுக்கு வந்ததும், தாக்கப்பட்டவை கூலித் தொழிலாளிகளின் குடிசைகளே.

உண்மை சொன்ன சிப்பாய்க்கு நேர்ந்தது

நாம் ராணுவ வீரர்களை இழிவுபடுத்துகிறோம் என்று இங்கே ஒரு குற்றச்சாட்டு வரும். அதற்கும் விடை சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் தேஜ் பகதூர் யாதவ், கருகிய ரொட்டியையும் நீர்த்த பருப்பையும் காட்டி, எல்லையில் நிற்பவர்களுக்குக் கிடைக்கும் உணவு இதுதான் என்று ஒரு காணொளி வெளியிட்டார். அந்த ஏப்ரலிலேயே அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். சிப்பாயின் வீரத்தைப் பற்றிய எந்தக் கதையையும் சோதிக்காமல் ஒளிபரப்பும் தொலைக்காட்சிகள், அந்தச் சிப்பாயின் தட்டில் இருந்த ரொட்டியைப் பற்றிய உண்மையை மட்டும் துருவித் துருவி ஆராய்ந்தன. அவருடைய ஒழுங்கும் நடத்தையும் விவாதப் பொருளாயின.

அமெரிக்காவில் ஜெசிகா லிஞ்ச் என்னும் இளம் பெண் சிப்பாய் 2003இல் இராக்கில் சிறைபட்டு மீட்கப்பட்டார். கடைசித் தோட்டா தீரும்வரை அவர் போரிட்டார் என்று ஏடுகள் எழுதின. விபத்தில் காயமடைந்த தான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்று 2007 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே சொன்னார். தன்மீது சாத்தப்பட்ட பொய் வீரத்தை மறுப்பதற்கு அவருக்கு இருந்த துணிவு, அதை எழுதிய செய்தியாளர்களுக்கு இருக்கவில்லை.

சிப்பாய் உழைக்கும் வர்க்கத்தின் பிள்ளை. அவருடைய ஊதியம், உணவு, ஓய்வூதியம், அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுகளோடு முடிந்துபோகும் பணி ஆகியவை பற்றிப் பேசுவது இடதுசாரிகள்தான். அவர் பெயரில் பொய் விற்கப்படும்போது லாபம் காண்பவர்கள் விளம்பர வருவாய் பெறும் கார்ப்பரேட் ஊடக முதலாளிகளும், வாக்கு அறுவடை செய்யும் ஆட்சியாளர்களும்தான்.

நம் முன்னுள்ள பணி

மைசூருவில் பொய் தோற்றதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி: ஆதாரம் எங்கே? வரலாற்றாய்வாளர்கள் கேட்டார்கள், எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் கேட்டார்கள், இறுதியில் ஒரு மடாதிபதியும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அமைச்சர்களிடம் விடை இல்லை. இந்தக் கேள்வியைப் பொது வழக்கமாக்குவதே நமது பணி.

போர்ச் செய்தி வரும்போது, சொல்பவர் களத்தில் இருந்தாரா, இறந்தவர்களின் பெயரும் ஊரும் கூறப்பட்டுள்ளனவா, இந்தச் செய்தியால் எவருக்குப் பதக்கம் அல்லது பதவி அல்லது வாக்கு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். கிளைக் கூட்டங்களிலும் வாசகர் வட்டங்களிலும் அந்த வாரத்தின் ஒரு செய்தியை எடுத்து இப்படிச் சோதித்துப் பழகலாம். கைப்பேசியில் வரும் வீரக் காணொளியைப் பகிர்வதற்கு முன் ஒரு நாள் காத்திருப்பதும் அரசியல் ஒழுக்கமே.

இதே அளவுகோல் நமக்கும் பொருந்தும். திப்பு ஏகாதிபத்தியத்தை எதிர்த்துக் களத்தில் மடிந்த மன்னர். காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் 1780இல் கம்பெனிப் படை முறியடிக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய மைந்தர்கள் சிறைவைக்கப்பட்டிருந்த வேலூர்க் கோட்டையில்தான் 1806இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதே திப்பு குடகிலும் மலபாரிலும் நடத்திய கொடுமைகளும் வரலாற்றில் உள்ளன. அவரும் நிலப்பிரபுத்துவ காலத்து மன்னரே. சங் பரிவாரத்தின் பொய்க்கு எதிராக நாம் ஒரு புனிதப் படத்தை மாட்டினால், அவர்களுடைய பட்டறையிலேயே நாமும் வேலை செய்தவர்களாவோம். உள்ளதை உள்ளபடி சொன்னாலே ஏகாதிபத்திய எதிர்ப்பின் பெருமை குன்றாமல் நிற்கும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் ஒரு நினைவுக் கல் நிற்கிறது. கொன்றவர் பெயர் அதில் இல்லை. வெறுமையாக இருக்கும் அந்த இடத்தில் தமக்கு வேண்டிய பெயரைப் பொறிக்க முயல்பவர்கள் நாளையும் வருவார்கள். வேறு போர், வேறு பெயர், வேறு தேர்தல் என்று வருவார்கள். அப்போது ஆதாரத்தைக் கேட்கும் மக்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும். அவர்களைத் திரட்டுவது நம் பொறுப்பு.